பச்சைப் பாவாடையில் ஒரு தையல்

தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தைய வருஷம் வரை அங்கே இருட்டறையும் மருந்துத் தொட்டிகளும்தான் இருந்தன. ஸ்டுடியோக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் வாங்கி வந்து, துணி போட்டு மூடி, முன்னால் ஒரு சாமி படத்தையும் வைத்துவிட்டு, இயக்கத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு அப்பா சம்மதித்தார்.

என் வேலைக்கு ஜனங்கள் வைத்த பெயர் மிக்சிங். படத்தில் இருக்கும் ஆளை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, பின்னால் அருவியையோ பனிமலையையோ வைக்க வேண்டும். திருச்சுழிப் பக்கத்திலிருந்தும் வீரசோழனிலிருந்தும் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது பச்சையும் தண்ணீரும்தான். "கருவேலங்காட்டத் தெனமும் பாக்கோம், போட்டோவுலயாச்சும் குளுமையாப் போடு தாயி" என்று ஒரு பெரியவர் சொன்னது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக எல்லாருக்கும் பிடித்தது டிசைன். ஒரு சின்னச் சதுரம் அளவுக்குப் பூவோ கட்டமோ இருந்தால் போதும். எந்த இடத்தைக் குறித்துக் கொடுக்கிறோமோ அங்கே அந்தச் சதுரத்தையே தரைக்கு ஓடு பதிப்பதுபோல வரிசையாகப் பதித்துக்கொண்டு போகும் கம்ப்யூட்டர். வெள்ளைச் சட்டை பூச்சட்டை ஆகும். வெற்றுச் சுவர் பட்டுத்திரை ஆகும். திரையில் தெரியும் ஒரு கம்பியை மவுஸால் இந்தப் பக்கம் இழுத்தால் பச்சை டிசைன் ஊதாவாக மாறும், அந்தப் பக்கம் இழுத்தால் சிவப்பாகும். முதல் மாதம் முழுக்க எனக்கு அதுவே விளையாட்டாக இருந்தது.

ஒரு பங்குனி மத்தியானம் அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். திருச்சுழியைத் தாண்டி ஏதோ ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். அந்தம்மா அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. அவர் புருஷன் முன்பு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போது ஒரு பருத்தி மில்லில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வாசலோடு நின்றுவிட்டார். அந்தம்மா மட்டும் உள்ளே வந்து, மஞ்சள் பையிலிருந்து பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தா நிக்கிறா பாரு, ரெண்டாவது வரிசையில கடைசி. இவளை மட்டும் பெருசாக்கித் தரணும்."

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். பெருசாக்கினால் தெளிவாக வராது என்று சொன்னேன்.

"வர்ற அளவுக்கு வரட்டும். வேற போட்டோ இல்ல."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகளுக்குப் பதினேழு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வருஷம் ஒன்றாகிறது. கல்யாணமாகாமல் போன பெண்ணை வீட்டில் கன்னிச்சாமியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வருஷம் ஒருதடவை புதுப்பாவாடை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பொங்கலிடுவார்கள். மகளை அப்படி வைக்கப்போகிறார்கள், அதற்குத்தான் படம். பள்ளிக்கூட யூனிபார்மில் அவளைக் கும்பிட அந்தம்மாவுக்கு மனசில்லை. பையில் கைவிட்டு ஒரு பாவாடையை எடுத்தார். இலைப்பச்சை நிறம், அதில் ஊதாப் பூ.

"பொங்கலுக்கு எடுத்தது. இதைத்தான் ஆசையாக் கட்டுவா. இது அவ மேல இருக்கிற மாதிரி பண்ண முடியுமா தாயி?"

முடியும் என்றேன். எனக்கு அப்போது இருந்ததெல்லாம் முடியும் என்று சொல்வதில் இருந்த பெருமைதான்.

பாவாடையை ஸ்கேனர் கண்ணாடிமேல் விரித்து மூடியை வைத்து அழுத்தினேன். அடியில் வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல நகர்ந்தது. துணியின் மடிப்புக்குள்ளிருந்து ஒரு பச்சை வெளிச்சம் கசிந்ததை அந்தம்மா பார்த்துக்கொண்டே நின்றார். வாசலில் நின்ற புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவாடையை எடுத்த பிறகு கண்ணாடியில் ஒரு ஊதா நூல் ஒட்டியிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல், எடுத்து அந்தம்மா கையில் கொடுத்தேன். அவர் அதைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டார்.

நாலு நாள் வேலை. முகத்தைப் பெருசாக்கியபோது அது சதுரம் சதுரமாக உடைந்து போயிற்று. ஒவ்வொன்றாகப் பூசி, கன்னத்தை உருட்டி, நெற்றியில் பொட்டு வைத்தேன். பழைய படம் ஒன்றிலிருந்து உடம்பு மட்டும் எடுத்து, இடுப்புக்குக் கீழே குறித்துக் கொடுத்து, பச்சை டிசைனை நிரப்பினேன். நிரம்பிய பிறகுதான் அதைக் கவனித்தேன். நான் வெட்டியெடுத்த சதுரத்தில் ஒரு பூவுக்குப் பக்கத்தில், பல்லி வால் நீளத்துக்கு ஒரு தையல் இருந்தது. கிழிந்த இடத்தை வேறு பச்சை நூலால் கையால் தைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அதையும் பூவோடு பூவாகப் பாவாடை முழுக்கப் பதித்து வைத்திருந்தது.

படம் வாங்க வந்தபோது அந்தம்மாவும் அதைத்தான் முதலில் தொட்டார்.

"இங்க நான் தச்சேன். வெறகு எடுக்கப் போனப்ப முள்ளு மாட்டிக் கிழிச்சிக்கிட்டு வந்தா, வஞ்சுக்கிட்டே தச்சேன்." விரல் அடுத்த தையலுக்குப் போனது, அதற்கடுத்ததற்கும். "இத்தனை எடத்துலயா கிழிஞ்சிருக்கு?"

"மிஷின் அப்படிப் பண்ணிருச்சும்மா. ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை அழிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம். இருக்கட்டும். எல்லாம் என் கை வச்சதுதான."

படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர்களை நான் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சதுரம் கம்ப்யூட்டரில் இருந்தது. டிசைன்களின் வரிசையில் கல்லும் மரமும் நீர்க்குமிழியும் என்று கம்ப்யூட்டரோடு கூடவே வந்தவற்றுக்கு நடுவில், நானே செய்த ஒன்று என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். மற்றவை பொம்மைத்தனமாக இருக்கும். இதில் மட்டும் நிஜமான நூல் தெரியும். அதனால் துணி நிரப்ப வேண்டிய இடத்திலெல்லாம் கை தானாக அங்கே போனது. ஒரு குழந்தையின் கவுனுக்கு நீலமாக மாற்றிப் போட்டேன். அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றில் பின்திரைக்கு மஞ்சளாக்கிப் போட்டேன். நிறத்தை மாற்றிவிட்டால் அது வேறு துணி என்று நினைத்தேன். தப்பு என்று ஒருதடவைகூடத் தோன்றவில்லை. எத்தனையோ வருஷம் கழித்தும் என்னை விட்டுப் போகாதது இதுதான்.

அதன் பிறகு ஒரு நிச்சயதார்த்தப் படம் வந்தது. எங்கள் ஊரிலேயே நூல் வியாபாரம் செய்கிறவர் வீட்டுப் பெண். பிளாஷ் வெளிச்சம் விழுந்து அவள் பட்டுச்சேலை வெளிறிப் போயிருந்தது. அந்தப் பாவாடை டிசைனைக் குங்குமச் சிவப்பாக்கி நிரப்பினேன். படம் அவ்வளவு அழகாக வந்தது. அண்ணாச்சி பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டினார்.

ஆவணி மாதம் இருக்கும். வெயில் உச்சியில் நின்றது. உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் நிற்பது தெரிந்தது. கால்மணி நேரமாக நகரவே இல்லை. யாரோ பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு கை எழுந்து கண்ணாடியைத் தொட்டது. ஒரே உயரத்தில் வரிசையாக நாலைந்து இடத்தில் தொட்டது. அந்த விரல் போன விதத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். யார் என்று தெரிந்துவிட்டது.

அவர் உள்ளே வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளை யாரு வீட்டுப் புள்ளை?"

"இந்த ஊருதாம்மா."

"உசுரோட இருக்கா?"

"இருக்கா. தையில கல்யாணம்."

"அவ எப்படி எம் மகளோட பாவாடையக் கட்டியிருக்கா?"

அண்ணாச்சி, "ஏம்மா, அது செவப்பு, உங்க மகளோடது பச்சை" என்றார்.

"கலரா பாக்கேன்? என் தையலுங்க அது." அவர் என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாளா வீட்டுல அவ இல்லைங்க தாயி. வெளக்கு ஏத்துறேன், படம் படமா மட்டும் இருக்கு. எங்க போனாளோன்னு எங்க வீட்டுக்காரவுககிட்டக்கூடச் சொல்லி அழுதேன். இப்பத்தான தெரியுது, எங்கெங்க கொண்டுபோய் விட்டிருக்கீகன்னு. இன்னும் யார் யாருக்குக் கட்டிவிட்டிருக்க?"

நான் சொன்னேன். கவுன் போட்ட குழந்தை, அறுபதாம் கல்யாணம், காதணி விழா, இன்னும் இரண்டு மூன்று. ஒவ்வொன்றையும் சொல்லச்சொல்ல அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று புரிந்தது. கன்னியாகப் போனவளின் உடுப்பைக் கல்யாணமாகப் போகிறவள் உடுத்தக் கூடாது. மகள் ஆசைப்பட்டு அங்கேயே தங்கிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவர் பயம்.

"அந்தப் பொண்ணு வீட்டுல போய்ச் சொல்லிராதீக, கல்யாணம் நின்னுரும்" என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்? எம் மகளைக் கூட்டிட்டுப் போக வந்தவ நானு. எல்லாப் படத்தையும் வாங்கிக் குடு. அப்புறம் இந்த மிஷினுக்குள்ள இருக்கிறதையும் எடு. எங் கண்ணு முன்னால எடு."

ஸ்டூல் போட்டு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். டிசைன்களைத் திறந்து, அந்தச் சதுரத்தைக் காட்டி, அழிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"நிச்சயமா அழிக்கணுமான்னு கேக்குது."

அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "அப்புறமா வேணும்னு கேட்டா திருப்பித் தருமா?"

"தராதும்மா."

"கொஞ்சம் இரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார். அந்தம்மா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், தபால்தலை அளவுக்கு இருந்த அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் "போகட்டும்" என்றார். நான் அழுத்தினேன். அந்தச் சதுரம் மறைந்தது, பக்கத்தில் இருந்த நீர்க்குமிழி டிசைன் நகர்ந்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் ஒரு முனகல் முனகினார். அந்த ஓசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அவர் போனதும் அண்ணாச்சி, "வெளியில மூச்சு விடாதே. கலர் மங்கிப்போற இங்க்கு, வேற நல்லதாப் போட்டுத் தாரோம்னு சொல்லி வாங்கிட்டு வந்துரு" என்றார். அப்படியே சொல்லி ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லாரும் நல்ல மனசோடு கொடுத்தார்கள். புதுசாகக் கிடைக்கிறதே என்ற சந்தோஷம் அவர்களுக்கு. நூல் வியாபாரி வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். கல்யாணப்பெண்ணே வந்து கதவைத் திறந்தாள். படத்தைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுக்க மனசில்லாமல் நின்றாள்.

"புதுசு இதே மாதிரி இருக்குமாக்கா?"

"இதைவிட நல்லா இருக்கும்."

"இல்லக்கா, இதுதான் நல்லாயிருக்கு. இதுல நான் என்னைய மாதிரியே இல்ல. வேற யாரோ மாதிரி அவ்ளோ அழகா இருக்கேன்."

படத்தை அவள் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்: "மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒண்ணு குடுத்துவிட்டோம்க்கா, காரியாபட்டிக்கு. அதையும் மாத்தணுமா?"

"அது பரவாயில்ல" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மாப்பிள்ளை வீட்டில் போய்க் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும், அப்பாவுக்குத் தெரியும், வேலை போகும். எல்லாக் காரணமும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தயாராக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்தம்மா ஊருக்குப் போனேன். முகப்புக் கண்ணாடியில் இருந்ததும் அதில் இருந்தது. அவர் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். பரப்பிய பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது, அவற்றை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எரிக்க முடியாது, எல்லாவற்றிலும் உயிரோடிருக்கிறவர்களின் முகம். கிழிக்கவும் கூடாது. வீட்டுக்குள் வைக்கவும் ஆகாது.

"தண்ணி பட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

"கரைஞ்சிரும்மா. அந்த இங்க்கு அப்படித்தான்."

அவர் உள்ளே போய்ப் பெரிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்தார். அந்த ஊரில் நல்ல தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மைல் நடக்க வேண்டும். அப்படிச் சுமந்து வைத்திருந்த குடத்தைச் சாய்த்துச் சட்டியை நிரப்பினார். உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. முதலில் குழந்தைப் படத்தை உள்ளே வைத்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டார். நீலம் நூல் நூலாகப் பிரிந்து வந்தது. கவுன் போன பிறகும் குழந்தையின் முகம் கொஞ்ச நேரம் இருந்தது, அப்புறம் அதுவும் போனது. அறுபதாம் கல்யாணம் மஞ்சளாகக் கரைந்தது. கடைசியாகக் கல்யாணப்பெண். தண்ணீர் சிவந்து அவர் மணிக்கட்டு வரை ஏறியது. உள்ளே, சுவரில், மகளின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவது வாசல் வழியாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, "வா. வந்துரு" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடம் சொல்கிற குரல் அது.

வெற்றுத் தாள்களைக் கொடியில் காயப் போட்டார். "தாளு நல்லாத்தான் இருக்கு. சத்துணவுப் புள்ளைக படம் வரையும்" என்றவர், உடனே தலையை ஆட்டி, "வேண்டாம், வேண்டாம்" என்று எடுத்துச் சுருட்டினார். சாயத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டி ஊற்றி மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எல்லாம் வந்திருச்சா தாயி?"

"வந்திருச்சும்மா."

"ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"இல்ல."

அவர் என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். விரல் நுனிகளில் இன்னும் சிவப்பு இருந்தது. பஸ்ஸில் வரும்போது கைக்குட்டையை நனைத்து நனைத்துக் கன்னத்தைத் துடைத்தேன்.

தை மாதம் அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று யாரிடமாவது விசாரிக்க ஒவ்வொரு மாதமும் வாயெடுப்பேன், கேட்க மாட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நல்லபடியாக இருக்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தாலும், எவள் நல்லபடியாக இருக்கிறாள் என்ற சந்தேகம் எனக்குள் வந்திருக்கும். கன்னிச்சாமியையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன்களைத் திறக்கும்போது மட்டும், நீர்க்குமிழிக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதாவது இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். துணிக்கு டிசைன் போடுகிற வேலை வந்தால் கண் வலி என்று அண்ணாச்சியிடம் சொல்லித் தள்ளிவிடுவேன். அவருக்குக் காரணம் தெரியும், எதுவும் கேட்க மாட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வேலையை விடப்போகிற வாரத்தில் அந்தம்மா இன்னொரு தடவை வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. ரேஷன் கார்டுக்கோ எதற்கோ இருக்கும் என்று நினைத்தேன்.

"என்னைய ஒரு போட்டோ எடு தாயி. இதுவரைக்கும் நான் ஒண்ணுகூட எடுத்ததில்ல."

ஸ்டூலில் உட்காரவைத்தேன். பின்னால் திரையை இறக்கப் போனேன்.

"அதெல்லாம் வேண்டாம். சுவரு இருக்கட்டும். எடுத்த பெறகு ஒண்ணையும் சேக்காதே, ஒண்ணையும் எடுக்காதே."

சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கேமராவுக்குள் பார்த்தேன். அவர் லென்சைப் பார்க்காமல், அதற்கு மேலே, என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியாபட்டியில் இருக்கும் அந்த ஒரு படத்தைப் பற்றி அப்போதே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது.

"வீட்டுல நல்லா இருக்காளாம்மா?" என்றுதான் கேட்டேன்.

"இருக்கா" என்றார். பிறகு, "பாதி நாளு இருக்கா" என்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன்.